அத்தியாயம் 7: காஸைத் திறக்குமுன் குழாயைக் காயவையுங்கள்

ஏசி பூட்டும் வேலையில் வெளியே தெரிகிற எதையும் வீட்டுக்காரர் தானே பார்த்துக்கொள்வார். உள் யூனிட் மட்டமாக நிற்கிறதா, தண்ணீர்க் குழாய் சரிவாகப் போகிறதா, சுவரில் போட்ட துளை ஒழுங்காகப் பூசப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அவர் கண்ணுக்கு எட்டும். செப்புக் குழாயின் உட்புறம் அவருக்கு எட்டாது. அங்கே ஈரமும் காற்றும் இல்லாமல் செய்வது முழுக்க உங்கள் பொறுப்பு. இந்த அத்தியாயம் அந்த ஒரு வேலையைப் பற்றியது: குழாய்களைப் பொருத்தி முடித்தபின், காஸைத் திறப்பதற்கு முன், வெக்கியூம் பம்ப்பால் உட்புறத்தை உலர்த்துவது.

இந்த வேலையை நேரத்தால் அளக்கக்கூடாது, மீற்றரால் அளக்க வேண்டும். அத்தியாயம் முழுவதும் சொல்லப்போவது இதைத்தான்.

திருகோணமலையில் ஏன் கூடுதல் கவனம்

திருகோணமலை நகரம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் வங்காள விரிகுடா. உவர்மலையில் வேலை செய்தாலும் சீனக்குடாவில் செய்தாலும் கிண்ணியாவில் செய்தாலும் காற்றில் ஈரமும் உப்பும் இருக்கும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். ஆண்டு மழையின் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான் கொட்டுகிறது.

நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரை வெளிநாட்டார் வரும் காலம். அறைகளைத் திருத்துவதும் புதிய ஏசி பூட்டுவதும் அதற்குள் முடிந்திருக்க வேண்டும் என்பதால், வேலைகள் மழை மாதங்களிலேயே தொடங்கிவிடுகின்றன. கூரை முடியாத கட்டடத்தில் குழாய் இழுத்துவிட்டு, யூனிட் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்கும் இடங்கள் உண்டு. குழாய்க்குள் தண்ணீர் போக இதைவிட வசதியான காலம் கிடையாது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அவசரமாகச் செய்து தப்பிக்கொள்ளும் வேலை, மார்கழி மழையில் தப்பாது.

ஈரம் என்ன செய்யும்

ஆர்-22 காஸ் இருந்த காலத்தில் கொம்பிரசரில் கனிம ஒயில் இருந்தது. அது தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. ஆர்-410ஏ, ஆர்-32 யூனிட்களில் பெரும்பாலும் பொலியோல் எஸ்டர் வகை ஒயில் இருக்கிறது. அது ஈரத்தை வேகமாக உறிஞ்சும். உறிஞ்சிய ஈரம் கொம்பிரசரின் சூட்டில் ஒயிலோடு வினைப்பட்டு அமிலம் உண்டாகும். அந்த அமிலம் மோட்டர் சுற்றுக்கம்பியின் பூச்சைத் தின்னும், செப்பையும் அரிக்கும். இந்த ஒயிலுக்குள் ஒருமுறை போன ஈரத்தை வெக்கியூம் பம்ப்பால் முழுதாக வெளியே எடுக்க முடியாது. எனவே ஒயில் இருக்கும் வெளி யூனிட்டின் வால்வைத் திறக்குமுன்பே ஈரம் போயிருக்க வேண்டும்.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய குளிர் அறைகளிலும் ஐஸ் மெசின்களிலும் இன்னொரு கேடு சேரும். அங்கே காஸ் பூச்சியத்துக்குக் கீழே குளிர்வதால், ஒரு துளித் தண்ணீரே விரிவு வால்வில் பனியாகி வழியை அடைத்துவிடும். வீட்டு ஏசியில் காஸ் அந்த அளவு குளிராது. ஆகவே அடைப்பு அபூர்வம், அமிலமே பெரிய எதிரி. அது உடனே காட்டிக்கொடுக்காது. பூட்டிய அன்று யூனிட் நன்றாகக் குளிரும். கொம்பிரசர் எரிவது பிறகொரு நாள். அப்போது வோல்டேஜ் மீதும் கம்பனி மீதும் பழி விழும்.

உள்ளே தங்கும் காற்றும் சும்மா இருக்காது. அது காஸைப் போலத் திரவமாகாமல் கொண்டன்சருக்குள் இடம் பிடித்து அமுக்கத்தைக் கூட்டும். யூனிட் அதிக கரண்ட் இழுக்கும், குளிர் குறையும்.

வெக்கியூமில் தண்ணீர் எப்படிக் காய்கிறது

நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையில் கொதிக்கிறது. உயரம் கூடக் காற்றின் அமுக்கம் குறைவதே காரணம். அமுக்கத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால், சாதாரண அறை வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியைத்தான் பம்ப் இழுத்து வெளியே விடுகிறது.

இந்த அமுக்கத்தை மைக்ரோன் என்ற அளவால் சொல்கிறோம். ஒரு மைக்ரோன் என்பது பாதரச நிரலின் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடல்மட்டக் காற்றின் அமுக்கம் 760 மில்லிமீற்றர், அதாவது 7,60,000 மைக்ரோன். கீழுள்ள கணக்கை மனதில் வைத்திருங்கள்:

- 7,60,000 மைக்ரோனில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும்.
- 31,800 மைக்ரோனில் 30 பாகையில் கொதிக்கும்.
- 9,200 மைக்ரோனில் 10 பாகையில் கொதிக்கும்.
- 4,600 மைக்ரோனில் பூச்சியம் பாகைக்கு வந்துவிடும்.
- 500 மைக்ரோனில், பூச்சியத்துக்குக் கீழே 24 பாகையில் இருக்கும் பனிக்கட்டியும் ஆவியாகும்.

எங்கள் ஊர் வெப்பம் இந்த வேலைக்குத் துணை. 30 பாகை வெப்பத்தில் 31,800 மைக்ரோனிலேயே கொதிப்பு தொடங்கிவிடுகிறது. ஆனால் தொடங்குவது வேறு, காய்ந்து முடிவது வேறு.

ஒரு துளித் தண்ணீர் ஏறத்தாழ 0.05 கிராம். அது 500 மைக்ரோன் அமுக்கத்தில் ஆவியாக நின்றால் 100 லீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும். ஒரு தேக்கரண்டித் தண்ணீர் 10,000 லீற்றருக்கு மேல். நிமிடத்துக்கு 4 கன அடி இழுக்கும் பம்ப் என்றால், எதிர்ப்பே இல்லாத இடத்தில் அது நிமிடத்துக்கு 113 லீற்றர் இழுக்கும். ஒடுக்கமான ஹோஸ் வழியாக அந்த வேகத்தில் ஒரு சிறு பங்கே கிடைக்கும்.

ஐந்து மீற்றர்க் குழாயும் ஒரு சிறிய உள் யூனிட்டும் சேர்ந்து உள்ளே ஏறத்தாழ ஒரு லீற்றர் இடம் வரும். ஈரமான நாளில் அந்தக் காற்றில் இருக்கும் தண்ணீர் அரைத் துளி அளவுதான். அதைக் காயவைப்பது சிறிய வேலை. மூடாமல் விட்ட குழாயில் மழைநீர் போயிருந்தால் அந்தக் கணக்கெல்லாம் குலைந்துவிடும். ஆகவே முதல் உலர்த்தல், குழாயை நனையவிடாமல் வைத்திருப்பதே.

பம்ப்பைத் தொடுமுன்

குழாயின் இரு முனைகளையும் எப்போதும் மூடி வையுங்கள். ஒரு நாளுக்குள் முடியும் வேலைக்கு மூடியும் டேப்பும் போதும். வாரக்கணக்கில் நிற்கப்போகும் குழாயின் முனையை நசுக்கி வெல்ட் வைத்து அடையுங்கள். சுவர்த் துளைக்குள் தள்ளும்போது முனை மூடியிருக்கட்டும், இல்லாவிட்டால் சீமெந்துத் தூளும் உள்ளே போகும். வெட்டிய விளிம்பைச் சீவும்போது குழாய் வாயைக் கீழே பார்க்கப் பிடியுங்கள்.

வெல்ட் வைக்கும் இடங்களில் குழாய்க்குள் நைதரசனை மெல்ல ஓடவிடுங்கள். ஓடவிடாவிட்டால் உள்ளே கருமையான செதில் படியும். எந்த வெக்கியூமும் அதை எடுக்காது.

ஃப்ளேர் நட்டை டோர்க் ஸ்பானரால் இறுக்குங்கள். கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீற்றர், எட்டில் மூன்று அங்குலக் குழாய்க்கு 33 முதல் 40, அரை அங்குலத்துக்கு 50 முதல் 60. யூனிட்டின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். குறைய இறுக்கினால் கசியும், கூட இறுக்கினால் ஃப்ளேர் வெடிக்கும்.

அடுத்தது நைதரசன் அமுக்கச் சோதனை. ரெகுலேட்டர் இல்லாமல் நைதரசன் சிலிண்டரைப் பூட்டவே கூடாது. ஒட்சிசனை இந்தச் சோதனைக்கு எடுத்தால் ஒயிலோடு சேர்ந்து வெடிக்கும். உயிரே போகலாம். அமுக்கத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். முதலில் 5 பார், பிறகு 15 பார், கடைசியில் கையேடு சொல்லும் அளவு. ஆர்-410ஏ, ஆர்-32 யூனிட்களுக்கு அது பெரும்பாலும் 40 பார் அளவில் வரும். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை பூசிப் பாருங்கள். இரவு முழுவதும் விட்டுப் பார்ப்பதானால் வெப்பநிலையையும் குறித்துவையுங்கள். 40 பாரில் ஒரு பாகை இறங்கினால் அமுக்கம் 0.13 பார் அளவு தானாகவே குறையும். அதைக் கசிவு என்று எண்ணி இணைப்பைக் கழற்ற வேண்டாம்.

இந்தச் சோதனையின்போது மைக்ரோன் மீற்றர் பூட்டியிருக்கக்கூடாது. அந்த அமுக்கம் அதன் உணரியைக் கெடுத்துவிடும்.

கருவிகள்

இரண்டு கட்ட வெக்கியூம் பம்ப் வேண்டும். கரண்ட் நின்றால் தானாக மூடிக்கொள்ளும் தடை வால்வு அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2022இல் நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரே நேரத்தில் தீவு முழுவதும் இருண்டது. வெக்கியூம் ஓடும்போது கரண்ட் நின்று, தடை வால்வும் இல்லாவிட்டால், பம்ப் ஒயில் குழாய்க்குள் இழுபடும்.

பம்ப் ஒயிலை அடிக்கடி மாற்றுங்கள். இழுத்த ஈரம் அந்த ஒயிலில்தான் தங்குகிறது. ஒயில் பால்போல் மங்கினால் அது ஈரம் குடித்த ஒயில், எவ்வளவு நேரம் ஓடினாலும் ஆழமான வெக்கியூம் வராது. பம்ப் சூடாக இருக்கும்போதே வடித்துப் புதியதை ஊற்றுங்கள். ஒயில் போத்தலின் மூடியைத் திறந்தபடி வைத்தால் துறைமுகக் காற்றின் ஈரம் அதற்குள்ளும் போகும்.

மைக்ரோன் மீற்றர் ஆடம்பரம் என்று சிலர் நினைக்கிறார்கள். மனிஃபோல்டில் உள்ள நீலக் கேஜில் முழு வெக்கியூம் 29.92 அங்குலம். 30 பாகையில் கொதிப்பு தொடங்குவது 28.7 அங்குலத்தில். 500 மைக்ரோன் என்பது முழு வெக்கியூமுக்கு 0.02 அங்குலம் குறைவு. உலர்த்தும் வேலை முழுவதும் அந்த ஒன்றேகால் அங்குலத்துக்குள் நடக்கிறது, கடைசிப் பகுதி முள்ளின் தடிப்புக்குள்ளேயே முடிகிறது. கண்ணால் பிரித்துப் பார்க்க வழியில்லை.

வால்வு ஊசியைக் கழற்றும் கருவி ஒன்றும் எட்டில் மூன்று அல்லது அரை அங்குல அகல ஹோஸ் ஒன்றும் வாங்குங்கள். ஊசி உள்ளே இருந்தால் வழி ஒடுங்கும். ஹோஸ் குட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் அதே பம்ப் பலமடங்கு வேகமாக வேலை செய்யும். பெரிய பம்ப் வாங்கும் காசில் பாதிக்கும் குறைவாக இது முடிந்துவிடும்.

வேலை ஒழுங்கு

1. பம்ப்பில் மீற்றரை மட்டும் பூட்டி ஓடவிடுங்கள். நல்ல பம்ப் சில நிமிடங்களில் 100 மைக்ரோனுக்குக் கீழே போகும். போகாவிட்டால் ஒயிலை மாற்றுங்கள், ஹோஸ் வளையங்களைப் பாருங்கள்.

2. வெளி யூனிட்டின் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். காஸ் பக்கத்துச் சேவை வாயில் ஊசி கழற்றும் கருவியைப் பூட்டி ஊசியை எடுங்கள். அகல ஹோஸைப் பம்ப்புக்கும், மீற்றரைக் கருவியின் பக்கவாய்க்கும் கொடுங்கள். பம்ப்பின் வாயிலேயே மீற்றரைப் பூட்டினால் அது பம்ப்பின் அமுக்கத்தைத்தான் காட்டும், குழாயின் அமுக்கத்தைக் காட்டாது.

3. பம்ப்பைப் போடுங்கள். தொடக்கத்தில் பம்ப்பின் காஸ் பலாஸ்ட் வால்வைத் திறந்து வையுங்கள். ஈர ஆவி ஒயிலில் தங்காமல் வெளியேற அது உதவும். 2,000 மைக்ரோனை அண்டும்போது மூடிவிடுங்கள்.

4. மீற்றர் 500க்குக் கீழே இறங்கியபின்னும் நிறுத்த வேண்டாம். 300 அளவுக்கு இறங்கவிடுங்கள்.

5. கருவியின் வால்வை மூடிப் பம்ப்பைப் பிரியுங்கள். பத்து முதல் பதினைந்து நிமிடம் மீற்றரைக் கவனியுங்கள். 500க்குக் கீழே நின்றால் குழாய் காய்ந்துவிட்டது.

6. அலன் கீயால் திரவப் பக்க வால்வைக் கொஞ்சம் திறந்து, குழாய்க்குள் அமுக்கம் ஏறவிடுங்கள். அமுக்கம் வெளிக்காற்றைச் சற்றுத் தாண்டியதும் வால்வை மூடி, மீற்றரைப் பிரித்துவிடுங்கள். ஊசியைத் திருப்பிப் போட்டு, கருவியைக் கழற்றி, இரண்டு வால்வுகளையும் முழுதாகத் திறவுங்கள். எல்லா மூடிகளையும் இறுக்கி, ஃப்ளேர்களில் மறுபடியும் சோப்பு நுரை வையுங்கள்.

சில யூனிட்களின் கையேட்டில் 15 நிமிடம் வெக்கியூம் போடச் சொல்லியிருக்கும். அது சுத்தமான, மூடிவைத்த புதிய குழாயை எண்ணிச் சொன்ன மிகக் குறைந்த நேரம். மீற்றர் இறங்காதவரை அந்த 15 நிமிடத்துக்குப் பெறுமதி இல்லை.

மீற்றர் என்ன சொல்கிறது

பம்ப்பைப் பிரித்தபின் எண் ஏறுவதில் மூன்று வகை உண்டு. சற்று ஏறி 500க்குள் நின்றால் வேலை முடிந்தது. ஏறி 1,000, 2,000 என்று ஓரிடத்தில் தங்கிவிட்டால் உள்ளே ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது, கசிவு இல்லை. எங்கும் தங்காமல் ஏறிக்கொண்டே போனால் அது கசிவு. கசிவை வெக்கியூமில் தேட வேண்டாம். நைதரசனுக்குத் திரும்பிப் போய் இணைப்புகளைப் பாருங்கள். முதலில் உங்கள் ஹோஸையே சந்தேகியுங்கள், பழைய ரப்பர் வளையங்கள் பலமுறை ஏமாற்றும்.

பம்ப் ஓடும்போதே எண் 4,000, 5,000 அளவில் நெடுநேரம் அசையாமல் நின்றால், உள்ளே தேங்கிய தண்ணீர் உண்டு. வேகமாக ஆவியாகும் தண்ணீர் தன் வெப்பத்தை இழந்து பனியாகவும் கூடும். அப்போது பம்ப்பை மட்டும் நம்பி நிற்பது வீண் மினக்கேடு.

மழைக்கால முறை

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை செய்யும் வேலைக்கும், குழாய் நெடுநாள் திறந்து கிடந்த கட்டடத்துக்கும், நீண்ட குழாய் வேலைக்கும் இந்த முறையையே வழக்கமாக்குங்கள்.

முதலில் நைதரசனை ஒரு முனையால் விட்டு மறுமுனையால் ஊதி, தேங்கிய தண்ணீரைத் தள்ளுங்கள். பிறகு வெக்கியூம் போட்டு 2,000 மைக்ரோன் அளவுக்கு இறக்குங்கள். பம்ப்பைப் பிரித்து, உலர்ந்த நைதரசனை 0.5 பார் அளவுக்கு உள்ளே விடுங்கள். அரை மணிநேரம் நிற்கட்டும். நைதரசன் குளிர்ந்த இடங்களுக்கு வெப்பத்தைக் கொண்டுபோகும், ஈர ஆவியைத் தன்னோடு கலந்துகொள்ளும். அதை வெளியே விட்டு மறுபடியும் வெக்கியூம், 1,000 மைக்ரோன் வரை. மறுபடியும் நைதரசன். மூன்றாவது தடவை 300க்கு இறக்கி, மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். நடுவில் பம்ப் ஒயிலை மாற்றினால் கடைசிக் கட்டம் விரைவாக முடியும்.

ஒரே வெளி யூனிட்டில் பல அறைகளை ஓட்டும் பெரிய தொகுதிகளுக்கு, ஜப்பானியக் கம்பனிகளின் கையேடுகளிலேயே மழைக்காலத்துக்கெனத் தனி உலர்த்தல் முறை தந்திருக்கிறார்கள். இரண்டு மணிநேர வெக்கியூம், பிறகு 0.05 மெகாபாஸ்கல் நைதரசன், மறுபடியும் வெக்கியூம் என்று அது போகும். விடுதி வேலை எடுப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் தொடங்கக்கூடாது.

குழாயைச் சூடாக்க நெருப்பைக் காட்டவேண்டாம். வெயில் விழும் நேரத்தைத் தெரிவுசெய்தாலே பாதி வேலை நடந்துவிடும்.

செய்யவே கூடாதவை

யூனிட்டின் காஸைக் கொஞ்சம் திறந்து குழாய்க் காற்றை வெளியே தள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது காற்றில் ஒரு பகுதியைத் தள்ளும், ஈரத்தைத் தொடாது. ஆர்-32 தீப்பற்றக்கூடிய காஸ் என்பதால் ஆபத்தும் உண்டு. ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் சேர்ந்தது, பூமியைச் சூடாக்கும் இத்தகைய காஸ்களைக் குறைக்கும் கிகாலித் திருத்தத்தையும் 2018இல் ஏற்றது. ஒரு கிலோ ஆர்-410ஏ வெளியே போனால் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆர்-32க்கு அந்த எண் 675. வரைமுறையில்லாமல் காற்றில் விடும் காலம் போய்விட்டது.

வெக்கியூமில் இருக்கும் கொம்பிரசரை ஓடவிடக்கூடாது, அதில் மெகரால் மின்காப்புச் சோதனையும் செய்யக்கூடாது. அந்நிலையில் சுற்றுக்கம்பிக்குள் மின்பொறி பாயும்.

கொம்பிரசரையே வெக்கியூம் பம்ப்பாகப் பயன்படுத்துவதும் யூனிட்டைக் கொல்லும் வழி.

வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது

“தம்பி, மெசின் பூட்டியாச்சு. இனியும் என்ன மினக்கெடுறீங்கள்?” என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். கோபப்படாமல் மீற்றரைக் காட்டுங்கள். “ஐயா, பைப்புக்குள்ள ஈரம் காயுது. இந்த நம்பர் 500க்குக் கீழ நிண்டாத்தான் காஸைத் திறக்கலாம்” என்று சொல்லுங்கள். எண் இறங்குவதைத் தன் கண்ணால் பார்த்தவர் அடுத்த முறை உங்களைத்தான் கூப்பிடுவார்.

பில்லில் ஒரு வரி சேருங்கள்: திகதி, அன்றைய வெப்பநிலை, கடைசியாக வந்த மைக்ரோன், பம்ப்பைப் பிரித்துப் பதினைந்து நிமிடத்துக்குப் பின் நின்ற மைக்ரோன். பிற்காலத்தில் யூனிட்டுக்கு என்ன வந்தாலும், குழாய் வேலை சரியாக நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி. உங்களிடம் வேலை பழகும் பிள்ளைகளையும் அந்த வரியைத் தங்கள் கையால் எழுதச் சொல்லுங்கள். அந்த எண்ணை எழுத முடியாத வேலையில் காஸைத் திறக்காதீர்கள்.